எடுத்தலும் மீளக் கொடுத்தலும்: நினைவகக் கசிவு குறித்த ஓர் அறவியல் நோக்கு

மறதியைக் குறையாகவும் நினைவாற்றலைப் பேறாகவும் கருதுவது மனித சமுதாயத்தின் நெடுநாள் வழக்கு. கல்வி, நீதி, வாணிபம் ஆகிய யாவும் மறவாமையை அடித்தளமாகக் கொண்டு எழுந்தவையே. ஆயின், மனிதன் ஆக்கிய கருவிகளுள் ஒன்றாகிய கணினியில் இதற்கு நேர்மாறான ஒரு நோய் காணப்படுகின்றது. வேண்டாதவற்றை விடமாட்டாமையே அந்நோய். செய்நிரலொன்று தன் தேவைக்கென நினைவகத்தின் ஒரு பகுதியைக் கேட்டுப் பெறுகின்றது. தேவை முடிந்த பின்னர் அதனைத் திருப்பிக் கொடுக்கத் தவறுகின்றது. இவ்வாறு திரும்பாது தங்கிவிடும் பகுதிகள் சிறிது சிறிதாகப் பெருகி, ஈற்றில் அச்செய்நிரலையே செயலிழக்கச் செய்கின்றன. இதனை நினைவகக் கசிவு என்பர். பாத்திரத்திலிருந்து நீர் வெளியே கசிவது போன்றதன்று இது. இங்கு எதுவும் வெளியே போவதில்லை. போனது திரும்பி வராமையே கசிவாகின்றது.

இதனைப் பொறியியலாளரின் தொழில்நுட்பப் பிரச்சினை என்று மட்டும் கருதி ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது, அப்பொறுப்பை ஓர் இயந்திரத்திடம் முழுமையாக ஒப்படைத்தல் கூடுமா, எவர் கண்ணுக்கும் புலப்படாத அளவு சிறிய தவறுக்கு அறத்தின் முன் எடை உண்டா ஆகிய வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. மெய்ந்நிகர் உலகொன்றின் செய்நிரலை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெய்ந்நிகர் உலகும் அதன் சாளரமும்

'இரண்டாம் வாழ்வு' எனப் பொருள்படும் 'செகண்ட் லைஃப்', அமெரிக்காவின் லின்டன் லாப் நிறுவனத்தினால் 2003ஆம் ஆண்டு யூன் மாதத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட மெய்ந்நிகர் உலகாகும். அதன் நிலம் 256 மீற்றர் நீளமும் 256 மீற்றர் அகலமும் கொண்ட பிரதேசங்களாக வகுக்கப்பட்டுள்ளது. அங்கு நடமாடும் ஒவ்வொருவரும் ஓர் உருவம் தாங்கியே நடமாடுவர். அவ்வுருவத்தைக் குறிக்க அவதாரம் என்னும் வடசொல்லே ஆங்கிலத்திலும் வழங்குகின்றது. பிரதேசங்கள் யாவும் சேவையகங்களில் இயங்குகின்றன. பயனரின் மேசையிலுள்ள கணினியில் இயங்குவது அவ்வுலகைப் பார்ப்பதற்குரிய காட்சிச் செய்நிரல் மாத்திரமே. அதனைச் சாளரம் என்று கூறுதல் தகும்.

வழமையான கணினி விளையாட்டில் வீடு, மரம், உடை ஆகியவற்றை ஆக்கியவர் அவ்விளையாட்டைத் தயாரித்தவரே. எனவே எத்தனை பொருட்கள் வரும், அவற்றின் பருமன் யாது என்பன முன்கூட்டியே எண்ணப்பட்டிருக்கும். செகண்ட் லைஃப் உலகிலோ பெரும்பாலான பொருட்களை ஆக்குவோர் அவ்வுலகில் வாழ்வோரே. அடுத்த மூலையைத் திரும்பியதும் என்ன தோன்றும் என்பதைக் காட்சிச் செய்நிரல் முன்னறிய மாட்டாது. வருவது எதுவாயினும் அதனை ஏற்று, நினைவகத்தில் இடங்கொடுத்துக் காட்ட வேண்டும். பயனர் அவ்விடத்தை விட்டு நீங்கியதும் அவ்விடத்தை மீட்டுக்கொள்ள வேண்டும்.

இதன் அளவினை ஒரு கணக்கினால் உணரலாம். பொருளொன்றின் மேற்பரப்பிற் பூசப்படும் படம் 1024 புள்ளி நீளமும் 1024 புள்ளி அகலமும் கொண்டதாயின், புள்ளிக்கு 4 பைற்று வீதம், சுருக்கப்படாத நிலையில் அது 4 மெகாபைற்று இடத்தைக் கொள்ளும். 32 பிற்று அமைப்பில் விண்டோஸ் இயங்குதளம் ஒரு செய்நிரலுக்கு வழமையாக ஒதுக்கிய இடம் 2 கிகாபைற்று. அஃதாவது, வேறெதற்கும் இடமில்லை எனக் கொண்டாலும், 512 படங்களுடன் அந்த இடம் நிரம்பிவிடும். பின்னர் 64 பிற்று அமைப்பு வழக்கிற்கு வந்தபோது இந்த எல்லை விலகியது. எனினும், எல்லை விலகியமையாற் கசிவு நின்றுவிடவில்லை. கசிவு வெளிப்படும் நேரமே தள்ளிப்போயிற்று.

இங்கு ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. காட்சிச் செய்நிரல் ஒரு படத்தை விடுவிப்பதனால் அப்படம் அழிந்துபோவதில்லை. மூலம் சேவையகத்தில் இருக்கின்றது. விடப்படுவது அதன் பிரதி மட்டுமே. ஆகவே, மனிதன் தன் கடந்த காலத்தை மறத்தல் பற்றிய விவாதங்களை இதன்மேல் அப்படியே ஏற்றிவிடலாகாது. இங்கு எழும் வினா நினைவு பற்றியதன்று, கடன் பற்றியது.

கசிவைத் தேடும் முறை

நினைவகப் பயன்பாடு கூடிக்கொண்டே போவதைக் கண்டதும் கசிவென்று முடிவுகட்டுதல் தவறு. முன்னர் பார்த்த இடத்திற்குப் பயனர் மீண்டும் வருவார் என எதிர்பார்த்துச் சில படங்களைச் செய்நிரல் வேண்டுமென்றே சேமித்து வைப்பதுண்டு. நாளைக்கெனச் சேமிப்பவரும் விட மனமின்றிக் குவிப்பவரும் புறத்தே நின்று நோக்குவார்க்கு ஒரே தோற்றத்தினர். இருவரையும் பிரித்தறிய, காலத்தால் நீண்ட ஒரு சோதனை வேண்டப்படுகின்றது.

அச்சோதனை எளிமையானது. ஒரு பிரதேசத்திலிருந்து இன்னொன்றிற்குச் சென்று, மீண்டும் முதலிடத்திற்குத் திரும்பி, இவ்வாறே பத்து முறை, இருபது முறை செய்து பார்த்தல் வேண்டும். பயன்பாடு முதலிற் கூடிப் பின்னர் ஓர் அளவில் நிலைத்துவிடின் அது சேமிப்பு. ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழச் சமமான படி ஏறிக்கொண்டே செல்லின் அது கசிவு. அதன் பின்னர், ஒரு சுற்றின் முன்னும் பின்னும் நினைவகத்தில் உள்ளவற்றைப் பட்டியலிட்டு ஒப்பிடுவர். மிகையாக எஞ்சியவற்றைச் செய்நிரலின் எந்த வரி கேட்டுப் பெற்றது என்பதைத் தடம்பிடித்துச் செல்வர். இதற்குத் துணைபுரியும் கருவிகளும் உள. 2002இல் வெளியான வல்கிரின்ட் அவற்றுள் ஒன்று. அது செய்நிரல் செய்யும் ஒவ்வொரு நினைவகச் செயலையும் கண்காணிப்பதால், செய்நிரல் பல மடங்கு மெதுவாகவே இயங்கும். சேவையகத்துடன் இடையறாது பேசிக்கொண்டிருக்க வேண்டிய மெய்ந்நிகர் உலகில், இத்தாமதம் நோயின் போக்கையே மாற்றிவிடக்கூடும். அளக்கும் செயல் அளக்கப்படும் பொருளைத் தீண்டுகின்றது.

தேடலின்போது வெளிப்படும் இன்னோர் உண்மை அறவியலாளரின் கவனத்திற்குரியது. கேடு தோன்றும் இடமும் தவறு நிகழ்ந்த இடமும் வெவ்வேறாயிருத்தலே அது. நினைவகம் முற்றாகத் தீர்ந்த தருணத்தில் ஒரு சிறு பகுதியைக் கேட்ட செய்நிரல் வரியே சரிந்து விழுகின்றது. விபத்து அறிக்கையிற் பதிவாவது அதன் பெயரே. அந்த வரியோ தன் பங்கை முறையாக எடுத்து முறையாகத் திருப்பிக் கொடுப்பது. தவறு செய்த வரி, மூன்று மணித்தியாலங்களுக்கு முன்னர், வேறொரு பிரதேசத்தில், எவ்விதத் தடையுமின்றித் தன் வேலையை முடித்துக்கொண்டு சென்றிருக்கும். இறுதியாக நின்றவரைக் குற்றவாளியாக்கும் வழக்கம் நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் மட்டும் உள்ளதன்று என்பது இதனாற் புலனாகும்.

எட்டக்கூடியதும் வேண்டப்படுவதும்

கசிவுகளை மூன்று வகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, பெற்ற இடத்தின் முகவரியையே செய்நிரல் இழந்துவிடுதல். பூட்டிய அறையின் திறப்பைத் தொலைத்தவர் நிலை போன்றது அது. இரண்டாவது, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் பொருட்களால் நேர்வது. செகண்ட் லைஃப் காட்சிச் செய்நிரல் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டது. அதில் ஒரு பொருளை எத்தனை பேர் பற்றியுள்ளனர் என எண்ணிவைத்து, எண்ணிக்கை பூச்சியமானதும் விடுவிக்கும் முறை பரவலாகக் கையாளப்படுகின்றது. அவதாரமொன்று தன் உடையைப் பற்றியிருக்க, உடையும் தன்னை அணிந்த அவதாரத்தைப் பற்றியிருப்பதாகக் கொள்வோம். அவதாரம் உலகை விட்டு நீங்கிய பின்னரும் இரண்டும் ஒன்றையொன்று பற்றியே நிற்கும். எவரது எண்ணிக்கையும் பூச்சியமாகாது. உலகில் எவருக்கும் வேண்டாத இரண்டு பொருட்கள், ஒன்றுக்கொன்று வேண்டியன என்னும் ஒரே காரணத்தால் நிலைத்துவிடுகின்றன.

மூன்றாவது வகையே சிந்தனைக்கு மிகுந்த இடந்தருவது. பொருளொன்று ஒரு பட்டியலிற் பதியப்பட்டிருக்கின்றது. பட்டியல் பயன்பாட்டில் உள்ளது. எனவே அப்பொருளை எந்நேரமும் எட்டிப் பிடிக்கலாம். ஆயின், அதனை எவரும் இனி ஒருபோதும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. திறப்பும் தொலையவில்லை, பின்னிய பிணைப்பும் இல்லை. வேண்டுவார் இல்லை என்பது ஒன்றே குறை.

முதலிரு வகைகளுக்கும் இயந்திரம் மருந்து கண்டுள்ளது. ஜோன் மக்கார்த்தி 1960இல் வெளியிட்ட லிஸ்ப் மொழி பற்றிய கட்டுரையில், செய்நிரல் எட்ட முடியாத நினைவகப் பகுதிகளைத் தானே தேடி மீட்டெடுக்கும் முறை விளக்கப்பட்டது. பற்றுதல்களை எண்ணும் முறையை ஜோர்ஜ் கொலின்ஸ் அதே ஆண்டில் முன்வைத்தார். மக்கார்த்தியின் முறை, ஒன்றையொன்று பற்றிநிற்கும் பொருட்களையும், வெளியிலிருந்து அவற்றிற்கு வழியில்லையாயின், மீட்டுவிடும். எனினும், மூன்றாம் வகையின் முன் அதுவும் செயலற்று நிற்கின்றது. எட்டக்கூடியது எது என்பதை அம்முறை காணும். வேண்டப்படுவது எது என்பதைக் காணாது. வல்கிரின்ட் கருவியும் சில பகுதிகளை 'இன்னும் எட்டக்கூடியவை' என்று மட்டும் அறிக்கையிட்டு அமைகின்றது. அவை தேவையா, அல்லவா என்பதைப் படிப்பவரின் தீர்ப்பிற்கே விட்டுவிடுகின்றது.

இஃது இன்றைய இயந்திரங்களின் தற்காலிகக் குறைபாடு எனக் கருதுதல் பொருந்தாது. எந்தச் செய்நிரலைக் கொடுத்தாலும் அது ஒருகாலத்தில் நிற்குமா, நில்லாதா என்று முன்கூட்டி அறுதியிட்டுக் கூறவல்ல பொதுமுறை எதுவும் இருத்தல் இயலாது என்பதை அலன் டியூறிங் 1936இல் நிறுவினார். செய்நிரலொன்று தன்னிடமுள்ள ஒரு பகுதியை எதிர்காலத்தில் மீண்டும் நாடுமா என்ற வினாவிற்கும் அவ்வாறே பொதுவான விடை இல்லை என்பது அதிலிருந்து பெறப்படும். தேவை என்பது நோக்கத்தைச் சார்ந்தது. நோக்கம் எழுதியவரின் உள்ளத்தில் உள்ளது. எழுதப்பட்ட வரிகளில் அது முழுமையாக வெளிப்படுவதில்லை. ஆகவே, எவ்வளவு திறமையான இயந்திரம் துணைநின்றபோதும், 'இது இனி வேண்டாம்' என்று சொல்லும் கடமை எடுத்தவரிடமே எஞ்சிநிற்கின்றது. கடமையின் பெரும்பகுதியை இயந்திரத்திற்கு மாற்றலாம். அதன் கடைசித் துளியை மாற்ற முடியாது.

சிறு தவறின் எடை

கடமை எடுத்தவருடையது எனின், தவறியமை எவ்வகைக் குற்றம்? கசிவை ஏற்படுத்தியவர் தீங்கு செய்ய நினைத்தவரல்லர். செய்ய வேண்டியதொன்றைச் செய்யாது விட்டவர். அதனையும் அறியாமலே விட்டவர். அறியாமை மன்னிப்பிற்குரியதன்றோ எனக் கேட்கலாம். அரிஸ்டோட்டில் தமது நிக்கோமாக்கிய அறநூலின் மூன்றாம் புத்தகத்தில் இவ்வினாவை எதிர்கொள்கின்றார். கவனம் எடுத்தல் ஒருவரது ஆற்றலுக்கு உட்பட்டிருந்தபோது, கவனமின்மையால் விளைந்த அறியாமைக்கு அவரே பொறுப்பாளர் என்பது அவர் முடிபு. திருக்குறளின் 54ஆம் அதிகாரம் பொச்சாவாமை எனப் பெயர் பெற்றுள்ளமையும் ஈண்டு நோக்கற்பாலது. ஆங்குக் கண்டிக்கப்படும் மறதி, முதுமையாலோ நோயாலோ வருவதன்று. களிப்பின் மிகுதியிற் பிறக்கும் சோர்வு. புதியதொன்றை இயங்கச் செய்துவிட்ட மகிழ்ச்சியில், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வரியை எழுதாது விடும் செய்நிரலாளரின் மறதியை இதனினும் பொருத்தமாகக் குறிக்கும் சொல் அரிது.

ஆயினும், ஒரு கசிவின் அளவு சில நூறு பைற்றுகளே எனில், அதனைக் குற்றமெனல் மிகையாகாதா? டெரிக் பார்ஃபிற் 1984இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒப்பான சிக்கலொன்றை ஆராய்ந்துள்ளார். ஆயிரம் பேர் ஆளுக்கொரு பொத்தானை அழுத்துகின்றனர். எவரொருவர் அழுத்தியதாலும் வதைபடுவோரின் வலி உணரத்தக்க அளவு கூடுவதில்லை. ஆயிரம் பேரும் அழுத்தி முடித்தபோதோ வலி கொடியது. தனித்தனியே எவரும் தீங்கு செய்யவில்லை எனின், தீங்கு எங்கிருந்து வந்தது? தன் செயல் தனித்து நின்று யாது செய்கின்றது என வினவுதல் போதாது. எச்செயற் கூட்டத்தின் உறுப்பாக அது நிற்கின்றது எனவும் வினவ வேண்டும் என்பதே பார்ஃபிற் காட்டும் வழி.

இது நூலறிவு மட்டுமன்று என்பதற்கு இலண்டன் நகரில் நிகழ்ந்ததொன்று சான்று பகரும். இலண்டன் அம்புலன்ஸ் சேவை 1992 ஒக்டோபர் 26ஆந் திகதி கணினிவழி அனுப்புகை முறையொன்றை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. முதல் இரு நாட்களின் குழப்பங்களுக்குக் காரணங்கள் வேறு. ஆயின், நவம்பர் 4ஆந் திகதி அதிகாலையில் அம்முறை மெதுவாகி, முற்றாக நின்றமைக்குக் காரணம் ஒரு கசிவு என விசாரணைக் குழு 1993இல் அறிக்கையிட்டது. வாகனமொன்று அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் சேவையகத்தின் நினைவகத்தில் ஒரு சிறுபகுதி திரும்பாது தங்கிற்று. மூன்று வாரங்களில் நினைவகம் முழுவதும் தீர்ந்தது. உயிர்காக்கும் வாகனத்தை அனுப்பும் ஒவ்வொரு நற்செயலும், அடுத்த வாகனத்தை அனுப்பும் ஆற்றலிற் சிறிதை உண்டு தீர்த்தது.

மெய்ந்நிகர் உலகின் கசிவு உயிரைப் பறிப்பதன்று. எனினும், அதனை வெறும் பொழுதுபோக்கின் இடையூறு எனல் முறையாகாது. மானிடவியலாளர் ரொம் பொல்ஸ்ரோர்ஃப் அவ்வுலகிலேயே கள ஆய்வு செய்து 2008இல் நூலொன்றை வெளியிட்டார். அங்கு நட்பும் அயலும் தொழிலும் உள்ளன என்பதை அவ்வாய்வு காட்டிற்று. உடலின் இயலாமையால் வெளியே நடமாட முடியாத சிலருக்கு அதுவே நடமாடும் வெளி. புதிய கணினி வாங்க வசதியுள்ளவரின் திரையிற் கசிவு நாள் முழுதும் தோன்றாதிருக்கலாம். பழைய கணினியுடன் காலந்தள்ளுபவரோ உரையாடலின் நடுவே உலகிலிருந்து வெளியே வீசப்படுகின்றார். கசிவின் சுமை எல்லோர்மீதும் சமமாக விழுவதில்லை. அதனைத் தாங்கும் வலு குறைந்தவர்மீதே அது முதலில் விழுகின்றது. எழுதுபவர் தமது பெரிய கணினியிற் சோதித்து அமைதியுறுவாராயின், அச்சுமை அவர் கண்ணிற் படாமலே போய்விடும்.

விடுவிப்பதிலுள்ள அச்சம்

அவ்வாறாயின், ஐயத்திற்குரிய யாவற்றையும் உடனுக்குடன் விடுவித்துவிடுவதே அறம் ஆகுமா? ஆகாது. ஒருவர் விடுவித்த இடத்தை இன்னொருவர் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருப்பின், செய்நிரல் அக்கணமே சரிந்துவிடலாம். அல்லது அதனினும் தீதாக, பிறிதொன்றின் தரவைத் தன்னுடையதென எண்ணிப் பிழையாக இயங்கலாம். பற்றுதலின் கேடு மெல்ல வருவது. பதற்றத்துடன் விடுதலின் கேடு பெரும்பாலும் விரைந்து வெளிப்படுவது. விரைந்து வெளிப்படும் தவறுக்கே மனிதர் அஞ்சுவர். எனவே, ஐயம் நேரும்போது 'இருக்கட்டும்' எனப் பற்றிவைத்தலே பாதுகாப்பானதாக அவர்களுக்குத் தோன்றுகின்றது. கசிவுகள் பல சோம்பலிலிருந்து பிறந்தவையல்ல, இவ்வச்சத்திலிருந்து பிறந்தவை.

இவ்வச்சத்திற்கு மருந்து துணிவன்று, தெளிவு. எப்பொருள் யாருடையது என்பது தெளிவாயிருப்பின், விடுவிக்கும் உரிமையும் கடமையும் யாருடையன என்பதும் தெளிவாகும். 2011ஆம் ஆண்டின் சி பிளஸ் பிளஸ் நியமம் இதற்கென மூன்று வகையான பற்றுதல்களை மொழியிலேயே இடம்பெறச் செய்தது. ஒன்று தனியுடைமை, மற்றொன்று கூட்டுடைமை, மூன்றாவது வலுவற்ற பற்று. மூன்றாவது ஒரு பொருளை அறிந்திருக்கும். ஆயின் அதன் இருப்பை நீட்டிக்காது. பொருள் நீங்கிவிட்டதாயின், நீங்கிவிட்டது என்பதை ஏற்றுக்கொள்ளும். முன்னர் கூறிய உடை தன் அவதாரத்தை இவ்வாறு பற்றியிருப்பின் இரண்டும் ஒருசேர விடுதலை பெறும். அறிந்திருத்தல் வேறு, பிடித்துவைத்திருத்தல் வேறு என்ற மெய்யியல் வேறுபாடு இங்கு ஒரு கருவியாகவே வடிவம் பெற்றுள்ளது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். இத்தகைய செய்நிரல் நூற்றுக்கணக்கான கைகளால் பல்லாண்டுகளாக எழுதப்படுவது. எழுதியோருட் பலர் இன்று அங்கில்லை. எனவே எவரையும் குற்றவாளியென நிறுத்த முடியாது என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. ஆயின், பழியும் கடமையும் ஒன்றல்ல. பழி கடந்த காலத்தை நோக்குவது. கடமை அடுத்துச் செய்ய வேண்டியதை நோக்குவது. 2007 ஜனவரியில் லின்டன் லாப் தன் காட்சிச் செய்நிரலின் மூலநிரலை யாவரும் காணத் திறந்துவிட்டது. அதன் பின்னர், நிறுவனத்தின் ஊழியரல்லாத பலரும் அதனைப் படித்து, திருத்தி, தத்தம் காட்சிச் செய்நிரல்களை ஆக்கினர். தாம் உண்டாக்காத கசிவுகளைத் தேடி அவர்கள் செலவிட்ட இரவுகள், பழி ஏதுமின்றியே ஒரு கடமை இருக்கக்கூடும் என்பதற்குச் சான்றாகும். காணக்கூடியவர் எவரோ, அவரும் அக்கடமையின் பங்காளர்.

'நிறுத்தி மீண்டும் தொடங்கினாற் போதும்' என்பது இன்னொரு தடை. செய்நிரல் நின்றதும் அது பற்றியிருந்த யாவற்றையும் இயங்குதளம் மீட்டுக்கொள்ளும் என்பது உண்மையே. ஆயின், கடனாளி இறந்ததும் கணக்குத் தீர்ந்தது என்பது போன்ற தீர்வு அது. கணக்கு முடிகின்றது, கடமை நிறைவேறுவதில்லை. அடுத்த தொடக்கத்தில் அதே வரி அதே கடனை மீண்டும் வாங்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து பெறப்படுவது இதுவாகும். எதனை எவரும் எட்ட முடியாது என்பதை இயந்திரம் அறியும். எதனை எவரும் வேண்டார் என்பதை அறியாது. அவ்வறிவு எடுத்தவரிடமே உள்ளமையால், திருப்பிக் கொடுக்கும் கடமையும் அவருடையதே. அக்கடமை தவறும்போது விளையும் கேடு சிறியது, தாமதமானது, வேறொருவர் தலையில் விழுவது. இம்மூன்று காரணங்களாலும் அது எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றது. சட்டமும் பழியும் எட்டாத இத்தகைய இடத்திலேதான் அறவுணர்வு உண்மையாகவே வேண்டப்படுகின்றது. ஒரே பாதையிற் பத்து முறை சென்று மீண்டு, ஒவ்வொரு முறையும் எஞ்சியதை எண்ணிப் பார்த்து, அஃது யாருடையது எனக் கேட்பவரின் வேலை சலிப்பூட்டுவது, பாராட்டும் பெறாதது. அது வெற்றி பெற்றதன் ஒரே அடையாளம், முன்னர் இடைநடுவே அறுந்துபோன உரையாடலொன்று இப்பொழுது அறாமல் தொடர்வதேயாகும்.